வெளிச்சத்தை அளந்தவர்கள்



1858ஆம் ஆண்டுக் கோடையின் தொடக்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தருகே ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஒருவர், மூன்று கால் தாங்கியின் மேல் பெரிய மரப்பெட்டி ஒன்றை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் பெயர் காப்டன் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சென்னைப் படையைச் சேர்ந்தவர். 1856 முதல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகப் பணியாற்றியவர். விமானத்தின் அடித்தளக் கற்களில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாகப் படம் பிடித்தார். பின்னர் அப்படங்களில் 21ஐ ஒன்றோடொன்று ஒட்டியபோது, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அது விரிந்தது. அந்நாளில் இத்தகைய படம் உலகில் வேறு எங்கும் எளிதாகக் கிடைத்துவிடாது.

இதில் வியப்பு என்னவென்றால், அக்கல்வெட்டுகள் என்ன சொல்லுகின்றன என்பதை அன்று அறிஞர்களும் தெளிவாக அறிந்திருக்கவில்லை. கோயிலைக் கட்டியவர் இன்னார் என்பதிலேயே குழப்பம் இருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்ற பிறகே ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் அவ்வெழுத்துகளைப் படித்து, கட்டியவன் முதலாம் இராசராசன் என்று நிலைநாட்டினார். 1891இல் அக்கல்வெட்டுகள் நூலாக வெளிவரத் தொடங்கின. படிக்கத் தெரியாத எழுத்தைப் பிறர் படிக்கும்படியாகப் படம் பிடித்தவர் டிரைப். கல்லில் வெட்டிய எழுத்தைப் படம் பிடிப்பது எளிதன்று. வெயில் நேராக விழுந்தால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழாது. சுவர் வெறும் சுவராகத் தோன்றும். வெயில் சாய்வாகத் தடவிச் செல்லும் வேளையில்தான் எழுத்து எழுந்து நிற்கும். அந்த வேளையிலும் வெளிச்சம் எவ்வளவு உள்ளே செல்ல வேண்டும் என்ற கணக்குத் தவறினால், படம் முழுதும் கருத்துப் போகும் அல்லது வெளுத்துப் போகும்.

இந்தக் கணக்கின் வரலாற்றையே இன்று நான் சொல்ல எண்ணுகிறேன். ஏனெனில், இக்கணக்கு அறியாமையால் ஒரு கல்வெட்டை இழந்தவன் நான்.

1986ஆம் ஆண்டு. காவிரிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டுவதென்று முடிவாயிற்று. இடிக்கும் நாள் காலையில், கட்டடத்தையும் அதன் முன் நிற்கும் மாணவர்களையும் ஒரு படம் எடுத்து வைக்கலாம் என்று நான் ஆசைப்பட்டேன். வாயிலுக்கு மேலே ஒரு கல் பதித்திருந்தது. பள்ளி தோன்றிய ஆண்டும் நிலம் அளித்தவர் பெயரும் அதில் பொறித்திருந்தன. எங்கள் ஓவிய ஆசிரியர் தம் காமிராவைத் தருவதாகச் சொன்னார். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். லென்ஸைச் சுற்றிலும் ஒரே எண்கள். பித்தான்களைச் சுற்றிலும் எண்கள். எனக்கு அச்சமாக இருந்தது. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறவினர் ஒருவரிடமிருந்த பெட்டிக் காமிராவை இரவல் வாங்கிக்கொண்டேன். அதில் எண்ணே கிடையாது. சூரியன் படம் ஒன்று, மேகம் படம் ஒன்று, அவ்வளவுதான். அன்று காலை எட்டு மணிக்கு வெயில் பளிச்சென்று இருந்தது. சூரியக் குறிக்கு நேராக முள்ளைத் திருப்பி, படம் எடுத்தேன். ஒன்பது மணிக்குக் கடப்பாரைகள் வந்துவிட்டன.

பள்ளியின் வாயில் மேற்கு நோக்கியது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தான். வானம் வெளிச்சமாக இருந்ததே தவிர, வாயிற்புறச் சுவர் முழுதும் நிழலில் இருந்தது. கழுவி வந்த படத்தில் வெள்ளை வெளேரென்ற ஆகாயமும், அதன்முன் கரிக்கட்டையில் வெட்டியதுபோல் ஒரு கட்டடமும், கரிய பிள்ளைகளும் இருந்தார்கள். கல் இருந்த இடம் கரிய சுவரோடு கரியதாய்க் கலந்திருந்தது.

ஆகாயத்துக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இந்த வழக்கு, புகைப்படக் கலை பிறந்த நாளிலிருந்தே நடந்து வருவது. பிரான்சு நாட்டில் நிசெஃபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827இல், தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து தெரிந்த காட்சியை ஓர் உலோகத் தகட்டில் பதித்தார். காமிராவினால் எடுக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது அதுவே. அந்தப் படத்தில் முற்றத்தின் இருபுறச் சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகும் வரை தகடு திறந்தே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. எட்டு மணி நேரம் என்று வெகுகாலம் சொல்லி வந்தனர். பல நாட்கள் ஆகியிருக்கும் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதினர். 1838இல் தாகேர் என்பவர் பாரிஸ் நகரத்துப் பெருஞ்சாலை ஒன்றைப் படமெடுத்தபோது இந்த நேரம் சில நிமிடங்களாகக் குறைந்துவிட்டது. ஆயினும் அச்சாலையில் ஓடிய வண்டிகளும் நடந்த மனிதர்களும் படத்தில் விழவில்லை. ஓர் ஓரத்தில் நின்று, காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ஒருவரே நமக்குத் தெரிகிறார். அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அசையாமல் நின்ற ஒரே காரணத்தால் அவர் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார்!

அந்நாளைய காமிராவில் ஷட்டர் என்னும் கதவு கிடையாது. லென்ஸின் மீதிருக்கும் மூடியைக் கையால் எடுப்பார்கள், எண்ணுவார்கள், மீண்டும் மூடுவார்கள். எண்ணிக்கை நூறா, இருநூறா என்பது அவரவர் அனுபவம். சமையலில் உப்புப் போடும் கணக்கைப் போன்றது அது. கைப்பக்குவம் உள்ளவர் கண்ணால் வெளிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மற்றவருக்கு அதை எப்படிச் சொல்லித்தருவது என்று அவருக்கே தெரியாது.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகிதம். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட முறை இது. காகிதத்தை முன்னதாகவே மெழுகிட்டு, வெள்ளி உப்புகளில் தோய்த்து, உலர்த்தி எடுத்துச் செல்லலாம். படம் எடுத்த பின்பு சில நாட்கள் கழித்தும் கழுவலாம். கொளுத்தும் வெயிலில் மாட்டு வண்டிகளில் ஊர் ஊராகச் செல்லுகிறவருக்கு இது பெரிய வசதி. 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை டிரைப் சென்ற வழியில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எல்லாம் இருந்தன. வடநாட்டில் பெருங்கிளர்ச்சியின் தீ அணையாதிருந்த மாதங்கள் அவை. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை அவர் எடுத்த படங்களைப் பார்ப்பவர், பின்னாளில் பழுது பார்ப்பதற்கு முன் அந்த அரண்மனை கிடந்த நிலையை அறியலாம். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கும் வசதி இல்லை. எனவே, 10 அங்குலத்துக்கு 14 அங்குலம் என்ற அளவில் படம் வேண்டுமானால் காகிதமும் அந்த அளவு, காமிராவும் அதற்கேற்ற அளவு.

ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நம் கண் காண்பதுபோல் அது காணாது. நீல ஒளியையும் ஊதா ஒளியையும் விழுங்கும். பச்சையையும் சிவப்பையும் ஏறெடுத்துப் பாராது. நீல வானம் விரைந்து பதிந்து வெண்மையாகிவிடும். அதற்குள் மரங்களின் இலையும் செங்கல்லும் இருளிலேயே கிடக்கும். கோபுரத்துக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தால் ஆகாயம் பாழ். ஆகாயத்துக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தால் கோபுரம் பாழ். இரண்டையும் ஒரே காகிதத்தில் பெற வழியில்லை.

இதற்கு அக்காலத்தார் இரண்டு தந்திரங்களைக் கையாண்டனர். லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளை எடுத்தபோது, சில படங்களில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் மேகத்துக்கு ஒரு நெகட்டிவுமாகத் தனித்தனியே எடுத்து, அச்சிடும்போது அடிவானத்தில் இரண்டையும் இணைத்தார். டிரைப் செய்ததோ வேறு. நெகட்டிவ் காகிதத்தின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார்; மர இலைகளிலும் நீர்ப்பரப்பிலும் கூட அவர் தூரிகை சென்றிருக்கிறது. ஆகவே அவருடைய படங்களில் மிதக்கும் மேகங்களைக் கண்டு, 1858இல் தென்னாட்டு வானம் இப்படி இருந்தது என்று எவரும் குறிப்பெழுதிவிடக் கூடாது. கல்லுக்கு அவர் சாட்சி. மேகத்துக்கு அவர் ஓவியர். இதை ஏமாற்று என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலையில் அவர் கல்லைத் தேர்ந்தெடுத்தார். அதைத்தான் இன்று நாம் அவரிடம் கேட்டிருப்போம்.

அவருடைய பணி நீடிக்கவில்லை. 1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் சிக்கனத்தில் கண்டிப்பானவர். அரசாங்கத்துக்குப் புகைப்படம் ஓர் ஆடம்பரம் என்று கருதி, அந்த முயற்சியை நிறுத்திவிட்டார். 1860க்குப் பின் டிரைப் படம் எடுப்பதை ஏறக்குறைய விட்டேவிட்டார். அவர் 1902 வரை வாழ்ந்தார்.

இனி, ஓவிய ஆசிரியரின் காமிராவில் என்னை அச்சுறுத்திய எண்களுக்கு வருவோம். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் உள்ளே செல்லும் ஒளி குறையும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர், வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளைச் செய்து, லென்ஸ் குழலில் ஒரு பிளவு வைத்து, வேண்டிய தகட்டைச் செருகும்படி அமைத்தார். அதன் பின்னர், கண்ணின் பாவையைப்போல் விரிந்து சுருங்கும் இதழ்கள் தகடுகளின் இடத்தைப் பிடித்தன. அந்தத் துளையின் அளவுதான் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று வளையத்தில் எழுதியிருப்பது.

எண் பெரிதானால் துளை சிறிதாவது ஏன் என்று மாணவர் திகைப்பார்கள்; நானும் திகைத்தேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் படித்த கீழ்வாயிலக்கத்தை நினைத்துக்கொண்டால் திகைப்பு நீங்கிவிடும். லென்ஸின் குவிய நீளத்தில் இத்தனையில் ஒரு பங்கு என்பதே இந்த எண்ணின் பொருள். எஃப் 2 என்றால் அரை; எஃப் 4 என்றால் கால்; எஃப் 8 என்றால் அரைக்கால்; எஃப் 16 என்றால் வீசம். அரையைவிடக் கால் சிறிது. காலைவிட வீசம் சிறிது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்பது 25 மில்லிமீட்டர்த் துளை. எஃப் 16 என்பது 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய துளை. இடையே 2.8, 5.6, 11 என்று ஏன் விசித்திரமான எண்கள் வருகின்றன என்று கேட்பீர்கள். ஒளி உள்ளே செல்வது துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பைச் சரிபாதியாக்க வேண்டுமானால் விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ 1.4ஆல் வகுக்க வேண்டும். அதனால் வளையத்தில் ஓர் எண் நகர்ந்தால் ஒளி பாதியாகிறது. மறுபுறம் நகர்ந்தால் இரட்டிக்கிறது. ஷட்டரின் எண்களும் அப்படியே: வினாடியில் 60இல் ஒரு பங்கு, 125இல் ஒரு பங்கு, 250இல் ஒரு பங்கு. ஒன்றைப் பாதியாக்கினால் மற்றொன்றை இரட்டித்துச் சமன் செய்துகொள்ளலாம். குடத்தை நிரப்பப் பெரிய குழாயைச் சிறிது நேரம் திறந்தாலும் சரி, சிறிய குழாயை நெடுநேரம் திறந்தாலும் சரி.

குடம் எவ்வளவு பெரியது என்று கண்டவர்கள் இருவர். ஒருவர் ஃபெர்டினாண்டு ஹர்ட்டர், சுவிட்சர்லாந்தில் பிறந்த இரசாயன அறிஞர். மற்றவர் வீரோ டிரிஃபீல்டு, ஆங்கிலேயர். இங்கிலாந்தில் விட்னெஸ் என்னும் ஊரில் காரப்பொருள் தொழிற்சாலை ஒன்றில் இருவரும் வேலை பார்த்தனர். டிரிஃபீல்டுக்குப் புகைப்படம் பொழுதுபோக்கு. நண்பரையும் அதில் இழுத்துவிட்டார். இரசாயனத் தொழிலில் எதையும் நிறுத்தும் அளந்தும் பழகிய ஹர்ட்டருக்கு, மூடியைத் திறந்து குத்துமதிப்பாக எண்ணும் வழக்கம் சகிக்கவில்லை. இவ்வளவு ஒளி பட்டால் இவ்வளவு வெள்ளி கறுக்கும் என்று தகடு தகடாகச் சோதித்து, அதை ஒரு வளைகோடாக வரைந்து, 1890இல் இருவரும் வெளியிட்டனர். ஒளி மிகக் குறைவானால் அந்தக் கோடு தரையோடு தவழுகிறது. பிறகு நேராக ஏறுகிறது. ஒளி மிகுந்தால் உச்சியில் வளைந்து சோர்ந்துவிடுகிறது. நேராக ஏறும் பகுதிக்குள் காட்சியின் ஒளியும் நிழலும் அடங்க வேண்டும். தரையில் தவழும் பகுதியில் விழுந்தது எதுவும் படத்தில் வராது. என் பள்ளிச் சுவர் அங்கேதான் விழுந்தது.

அதற்கு முன்பே, 1888இல், அவர்கள் ஒரு கணக்குக் கருவிக்கும் உரிமை பெற்றிருந்தனர். சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறான் என்பதை மாதமும் மணியும் கொண்டு காட்டும் அட்டவணை அதில் உண்டு. அதனோடு துளையின் அளவையும் தகட்டின் வேகத்தையும் பொருத்தி நகர்த்தினால், எத்தனை வினாடி திறக்க வேண்டும் என்று விடை வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்துப் படமெடுப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பக்குவமாக இருந்தது அன்றுதான் பாடமாயிற்று. ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்பதால், இந்த இருவர் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

பின்னர் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1932இல் அமெரிக்காவில் வெஸ்டன் என்னும் நிறுவனம் செலினியம் கொண்ட ஒளிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒளி பட்டால் மின்சாரம் பிறந்து முள் நகரும். 1938இல் கோடக் நிறுவனத்தின் காமிரா ஒன்று, துளையின் அளவைத் தானே அமைத்துக்கொண்டது. பிலிமின் வேகத்தைக் குறிக்க ஜெர்மனியில் 1934இலும் அமெரிக்காவில் 1943இலும் தரநிலைகள் ஏற்பட்டன. இரண்டையும் சேர்த்து 1974இல் ஐ.எஸ்.ஓ. வந்தது. இங்கே ஒரு வேடிக்கை. அமெரிக்கத் தரநிலையை 1960இல் திருத்தியபோது, பல பிலிம்களின் வேக எண் ஒரே வீச்சில் இரு மடங்காயிற்று. பிலிம் மாறவில்லை. மக்கள் கணக்கில் தவறுவார்கள் என்று, பழைய எண்ணில் ஒரு கொசுறு சேர்த்திருந்தார்கள். ஒளிமானிகள் பரவியபின் அந்தக் கொசுறு வேண்டாமென்று எடுத்துவிட்டார்கள்.

ஒளிமானி வந்தபின் மனிதன் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அது காண்பது வெளிச்சத்தை மட்டுமே, பொருளை அன்று. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும். சுண்ணாம்பு அடித்த சுவரைக் காட்டினால், வெளிச்சம் மிகுதி என்று ஒளியைக் குறைத்துச் சுவரைச் சாம்பலாக்கும். எருமையைக் காட்டினால், வெளிச்சம் போதாது என்று ஒளியைக் கூட்டி அதையும் சாம்பலாக்கும். வெளுத்த வானத்தின்முன் நிற்கும் பள்ளிக்கூடத்தைக் காட்டினால், வானத்தை நம்பிப் பள்ளிக்கூடத்தைக் கைவிடும். இன்றைய காமிராக்கள் முகத்தை அடையாளம் காணும் அளவுக்குத் தேறிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் உங்களுக்கு எது வேண்டும் என்பதை அவை ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

கருவியே இல்லாமல் கணக்கிடும் வழியும் உண்டு. பிலிம் சுருளோடு வந்த சிறு தாளில் முன்னாளில் இதை அச்சிட்டிருப்பார்கள். நல்ல வெயிலில், வெயில் நேரே படும் பொருளுக்குத் துளை எஃப் 16, ஷட்டர், ஐ.எஸ்.ஓ. எண்ணில் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 125இல் ஒரு பங்கு வினாடி. மெல்லிய மேகம் படர்ந்து நிழலின் ஓரம் மங்கினால் எஃப் 11. நிழல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் எஃப் 8. நிழலே இல்லாமல் வானம் மூடியிருந்தால் எஃப் 5.6. வானம் தெளிவாக இருக்க, பொருள் மட்டும் சுவர் நிழலில் நின்றால் எஃப் 4. கடற்கரை மணலிலோ வெண்மையான உப்பளத்திலோ எஃப் 22. வானத்தைப் பாராமல் தரையில் விழும் நிழலைப் பார்த்துச் சொல்லும் கணக்கு இது என்பதைக் கவனியுங்கள். நான் படம் எடுத்த அன்று வானத்தைப் பார்த்தேன். என் மாணவர்களின் நிழல் என் பக்கமாக நீண்டு கிடந்ததைப் பார்க்கவில்லை.

மனக்கணக்கு ஒரு படத்தைக் காப்பாற்றிய கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1941ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நியூ மெக்சிகோவில் மாலை வேளையில் ஆன்சல் ஆடம்ஸ் என்னும் புகைப்படக்காரர் காரில் போய்க்கொண்டிருந்தார். எர்னாண்டெஸ் என்னும் சிற்றூரைக் கடக்கையில், கிழக்கே நிலா எழுந்து நிற்பதையும், மேற்கே சாயும் சூரியனின் கடைசி வெயில் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மேல் பளிச்சிடுவதையும் கண்டார். காரை நிறுத்தி, பெரிய காமிராவை அவசரமாக இறக்கி நிறுத்தினார். ஒளிமானியைக் காணவில்லை! தேட நேரமும் இல்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 காண்டில் என்பது அவர் நினைவிலிருந்தது. நிலா வெண்மையாகவும் வேண்டும், வெறும் வெள்ளைப் புள்ளியாகவும் ஆகிவிடக் கூடாது; அதற்கு எவ்வளவு என்று மனத்திலேயே கணக்கிட்டு, எஃப் 32இல் ஒரு வினாடி கொடுத்தார். பாதுகாப்புக்காக இரண்டாவது பிலிமை வைக்கத் திருப்பும்போதே சிலுவைகளின்மேல் இருந்த வெயில் போய்விட்டது. ஒரே நெகட்டிவ். முன்புறத் தரை அதில் வெளிறலாகவே பதிந்திருந்தது. 1948இல் அப்பகுதியை மட்டும் இரசாயனத்தால் வலுப்படுத்தினார். பின்னாளில் அவர் போட்ட பிரதிகளில் வானம் ஆண்டுக்கு ஆண்டு கருத்துக்கொண்டே வந்தது. டிரைப் தூரிகையால் செய்ததை இவர் இருட்டறையில் செய்தார் எனலாம்.

ஆடம்ஸுக்குத் தேதி நினைவு கிடையாது. 1940 என்பார், 1944 என்பார். பின்னர் வானநூலார் நிலாவின் இடத்தைக் கொண்டு கணக்கிட்டனர். முதலில் ஒருவர் 1941 அக்டோபர் 31 என்றார். 1991இல் டென்னிஸ் டி சிக்கோ என்பவர் அதைத் திருத்தி, நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று காட்டினார். எடுத்தவரே மறந்த நாளைப் படம் நினைவில் வைத்திருந்தது. நிலா வெளுத்து அழிந்திருந்தால் அது நடந்திராது.

உங்கள் கையிலுள்ள டிஜிட்டல் காமிராவில் ஒரு வேறுபாடு உண்டு. பிலிமில் நிழலுக்குப் போதிய ஒளி கொடு, வெளிச்சத்தைக் கழுவும்போது கவனித்துக்கொள்ளலாம் என்பார்கள் பழைய ஆசிரியர்கள். டிஜிட்டலில் அது தலைகீழ். ஒளியுணர் சில்லு நிரம்பி வழிந்தால் அந்த இடம் வெறும் வெள்ளை. எந்த வித்தையாலும் அதை மீட்க முடியாது. நிழலிலிருந்து ஓரளவு மீட்கலாம். ஆகவே வெண்மையான மேகத்துக்கு அளவு வைத்துக்கொண்டு, துளையையும் நேரத்தையும் கையால் நிறுத்தி எடுக்கிறார்கள். கைப்பேசியோ ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் கோபுரத்தை மற்றொன்றிலிருந்தும் சேர்த்துத் தருகிறது. லெ கிரே இரண்டு நெகட்டிவ்களைக் கொண்டு செய்தது இதுவே.

ஓவிய ஆசிரியர் அந்த ஆண்டே எனக்கு எண்களைச் சொல்லிக்கொடுத்தார். கரிய படத்தை அவரிடம் காட்டியபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. முதல் பாடமாக, காலையில் மேற்குச் சுவரை எடுப்பதானால் எந்த எண் என்று கேட்டார்.

அண்மையில் எங்கள் பழைய பள்ளி நூற்றாண்டு கொண்டாட முற்பட்டது. பழைய பதிவேடுகளைக் கரையான் அரித்திருந்தது. வாயிற்கல்லைப் பற்றிய நினைவு பலருக்கு இருந்தது. ஆண்டைப் பற்றிய நினைவு ஒருவரோடு ஒருவருக்கு ஒத்துவரவில்லை. இடிபாட்டோடு அந்தக் கல் எங்கே போயிற்று என்பதும் எவருக்கும் தெரியவில்லை. என்னிடம் ஒரு படம் உண்டென்று கேள்விப்பட்டு விழாக் குழுவினர் வந்தார்கள். நான் நெகட்டிவையே எடுத்துக் கொடுத்தேன். என் மாணவர் ஒருவர் நகரத்துக்குக் கொண்டுபோய், நல்ல கருவியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓட்டு வரிசை ஒவ்வொன்றாக எண்ணும்படி வானத்தின்மேல் தெளிவாக இருந்தது. கூரை முகட்டில் உட்கார்ந்திருந்த ஒரு காகமும் தெரிந்தது. வாயிலுக்கு மேலே நெகட்டிவ் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. அங்கே ஒளியே விழவில்லை. குழுவினர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி, அவர்களுள் மூத்தவர் சொன்ன ஆண்டையே அழைப்பிதழில் அச்சிட்டார்கள்.